கடல் குப்பி, மலைக் குப்பி

அன்று ஒரு விதை முளைக்காமல் போனதால்தான் எல்லாம் தெரியவந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காகப் பெரும்பயறை ஆராய்ந்துகொண்டிருந்தேன். எங்கள் நாகர்கோவில் பக்கம் பெரும்பயறு, இங்கே வன்பயறு, சென்னைக்காரர்களுக்குக் காராமணி. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதற்கப்புறம் சேர்ந்த படிப்பு. என்னோடு ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் மேசையில் தலையைச் சாய்த்துப் பத்து நிமிஷம் தூங்குவேன்.

வீடு வீடாகப் போய் நாற்பது விதைகள் வாங்கி வைத்திருந்தேன். பூவாறு தொடங்கிக் கடற்கரையை ஒட்டிய ஊர்களிலிருந்து இருபது. நெடுமங்காட்டுக்கு மேலே மலையடிவாரத்து ஊர்களிலிருந்து இருபது. ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு பேர் சொன்னார்கள். கருப்பு மூக்கன், சாம்பல், ஓணப்பயறு, மாமியார் கொண்டுவந்தது. இவையெல்லாம் உண்மையிலேயே வேறு வேறு பயறா, அல்லது ஒரே பயறுக்கு நாற்பது பேரா? அதுதான் என் ஆய்வின் கேள்வி. விதையின் நிறத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. டி.என்.ஏ.வைப் பார்க்க வேண்டும்.

சொல்வதற்கு எளிய வேலை. முளைத்த பயறின் இளம் இலையைப் பறித்துப் பீங்கான் உரலில் அரைத்து, உப்பும் சோப்பும் குளோரோஃபார்மும் சேர்த்துச் சுழற்றி, கடைசியில் குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றினால் டி.என்.ஏ. வெள்ளை நூலாகத் திரண்டு வரும் என்று புத்தகம் சொல்லும். பயறில் அப்படி வராது. பழுப்பாக, ஆறின கஞ்சிபோல வழுவழுவென்று வரும். அதைச் சுத்தப்படுத்தக் கற்றுக்கொள்ளவே முதல் எட்டு மாதம் போயிற்று. சுத்தமானதில் ஒரு சொட்டு, அதோடு பத்தெழுத்து நீளத்தில் ஒரு டி.என்.ஏ. துணுக்கு, கொஞ்சம் நொதி, மீதிக்குத் தண்ணீர். எல்லாவற்றையும் விரல் நகம் அளவுள்ள ஒரு குழாயில் விட்டு இயந்திரத்தில் வைக்க வேண்டும். துணுக்கு எங்கெங்கே போய்ப் பொருந்துகிறதோ அந்தந்தத் துண்டுகளை மட்டும் இயந்திரம் பல லட்சமாகப் பெருக்கித் தரும். அதை ஜெல்லில் ஓட்டிப் புறஊதா விளக்கில் பார்த்தால், ஒவ்வொரு பயறுக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஏணி தெரியும். ஏணியின் படிகள் ஒத்துப்போனால் நெருங்கிய உறவு. மாறினால் தூரத்து உறவு. படி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர் என்று நோட்டில் எழுதுவேன். நாற்பது பயறுக்கு, முப்பது துணுக்குகளுக்கு.

இயந்திரம் ஓடி முடிக்க மூன்றரை மணி நேரம் ஆகும். அந்தக் காலத்தில் சாயங்காலம் அரை மணி நேரம் பவர்கட். நடுவில் கரண்டு போனால் குழாய்களைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். அதனால் காலையிலேயே ஆரம்பித்தாக வேண்டும். காலையிலேயே ஆரம்பிக்க, கரமனையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த பஸ்ஸைப் பிடிக்க, மகளை எழுப்பி, குளிப்பாட்டி, அழவைத்து, பக்கத்துத் தெரு மாமி வீட்டில் விட வேண்டும். என் விஞ்ஞானம் முழுக்க அந்த எட்டு மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெல்லில் இருபத்தோரு குழிகள். ஒன்று அளவுகோலுக்கு. மீதி இருபதும் பயறுக்கு. உண்மையில் ஒரு குழியை எப்போதும் வெறும் தண்ணீருக்கு ஒதுக்க வேண்டும். டி.என்.ஏ. சேர்க்காமல் மற்றதெல்லாம் சேர்த்த ஒரு குழாய். அதில் ஒன்றும் தெரியக்கூடாது. தெரிந்தால் எங்கேயோ அழுக்கு கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஜெல் ஓட்டத் தொடங்கிய முதல் மாதம் ஒழுங்காக வைத்தேன். எப்போதும் ஒன்றுமே தெரியவில்லை. நொதியும் சிக்கனமாகத்தான் கிடைத்துவந்தது. கடற்கரைக்கு ஒரு ஜெல், மலைக்கு ஒரு ஜெல்; இருபது பயறு, இருபது குழி. தண்ணீருக்கு இடமில்லை. விட்டுவிட்டேன்.

ஒன்றரை வருடம் கழிந்தது. ஒரு துணுக்கை மட்டும் மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. கடற்கரைப் பயறுகளில் ஒன்று முளைக்கவில்லை. ஒரு குழி சும்மா கிடந்தது. சும்மா கிடப்பானேன் என்று வெறும் தண்ணீரை வைத்தேன்.

மூன்று மணிக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தபோது அந்தக் குழியில் ஏணி இருந்தது. மங்கலாக, ஆனால் நாலு படியும் தெளிவாக. எண்ணிப் பார்த்தேன். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். திரும்பிப் போய்ப் பார்த்தேன். இருந்தது.

மறுநாள் வெறும் தண்ணீரை மட்டும் பத்துக் குழாய்களில் வைத்தேன். என்னிடம் இரண்டு குப்பித் தண்ணீர் இருந்தது. ஆரம்பத்தில் ஒரே பெரிய பாத்திரத்தில் காய்ச்சி எடுத்ததை இரண்டாகப் பிரித்து வைத்தது. எல்லாம் ஒழுங்காக இருக்கட்டுமே என்று, ஒன்றின்மேல் 'கடல்' என்றும் மற்றதன்மேல் 'மலை' என்றும் ஒட்டியிருந்தேன். கடற்கரைப் பயறுகளுக்குக் கடல் குப்பி. மலைப் பயறுகளுக்கு மலைக் குப்பி. என் நோட்டுகளைப் பார்த்த எல்லோரும் என் ஒழுங்கைப் புகழ்ந்திருக்கிறார்கள்.

கடல் குப்பித் தண்ணீர் வைத்த ஐந்து குழியிலும் ஏணி. மலைக் குப்பி வைத்த ஐந்திலும் ஒன்றுமில்லை.

இது என்ன விபரீதம் என்று புரிய, அதற்கு முந்தைய கதையைச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பு என் ஒன்றுகளையும் சைபர்களையும் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்தபோது, ஒரு கிளைப்படம் வந்தது. நாற்பது பயறுகளும் இரண்டே பெரிய கிளைகளாகப் பிரிந்திருந்தன. ஒரு கிளையில் கடற்கரை இருபதும், மறு கிளையில் மலை இருபதும். ஒன்றுகூடப் பிசகவில்லை. என் வழிகாட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் வெகுநேரம் நின்றார். அவர் சுலபமாகச் சந்தோஷப்படுகிறவர் இல்லை. வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் அதைத் திரையில் காட்டிப் பேசினார். கடற்கரை மணலிலும் மலையடிவாரத்துச் செம்மண்ணிலும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து இரண்டு குடும்பங்களாகிவிட்ட பயறு. கேட்கவே அழகாக இருந்தது. திரும்பி வந்து, "எல்லாரும் குட்டியோட படத்தைத்தான் சோதிச்சு" என்று சொன்னார். எல்லோரும் என் படத்தைப் பற்றித்தான் கேட்டார்களாம்.

அந்த இரண்டு குடும்பங்களும் என் இரண்டு குப்பிகள்தான். கடற்கரைப் பயறுகளில் மட்டும் கூடுதலாகத் தெரிந்த படிகள் பயறுடையவை அல்ல, தண்ணீருடையவை.

எப்படி அழுக்கானது என்று தேடினேன். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. ஜெல் ஓட்டத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில் ஒரு நாள்: காலை இலை அரைத்தது, மதியம் தண்ணீர் பிரித்து வைத்தது. அதே மேசை. அதன் கீழே அவசரமாக ஒரு வரி: 'மீதி நாளை. வீட்டுக்குப் போகிறேன்.' அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆபீஸ் போனில் மாமி கூப்பிட்டிருந்தாள். "கொழந்தைக்கு ஒடம்பு கொதிக்கறதுடி. நெத்தியிலே கை வைக்க முடியலை. நீ சட்டுனு கிளம்பி வா" என்றாள். அரைத்த கையுறையைக்கூட மாற்றாமல் தண்ணீரைப் பிரித்து மூடிவிட்டு ஓடியிருக்கிறேன். முதலில் மூடியது மலைக் குப்பியாக இருந்திருக்கும். அடுத்ததற்குள் ஏதோ தெறித்திருக்கிறது. ஊசிமுனை அளவு இலைச்சாறு போதும்.

யாராவது வேறு ஒருவர் செய்த தப்பாக இருக்கக்கூடாதா என்று இரண்டு நாள் ஆசைப்பட்டேன்.

மூன்றாம் நாள் வழிகாட்டியின் அறைக்குப் போனேன். அவருக்கு அடுத்த மார்ச்சில் ஓய்வு. மேசையெல்லாம் கோப்பு. தண்ணீர்க் குழிகளின் போட்டோவை முன்னால் வைத்தேன். குப்பிகளைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஆரோடெங்கிலும் பறஞ்ஞோ?"

யாரிடமும் சொல்லவில்லை என்றேன்.

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அது கிளம்பவே இல்லை. பிறகு மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். கூடுதலாக வந்த படிகளை மட்டும் நீக்கிவிட்டு மீதியை வைத்து எழுதலாம். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. அவர் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்யலாம். ஆனால் அது முடியும்போது அவர் இங்கே இருக்க மாட்டார். வேறொருவர்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

"சார் என்ன சொல்றீங்க?"

"ஞான் எந்து பறயான்? எனிக்கும் வய்யா குட்டி." எனக்கும் முடியவில்லை குட்டி என்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிள்ளிப்பாலம் தாண்டும்வரை, நீக்கிவிட்டு எழுதுவதாகவே முடிவு செய்திருந்தேன். எந்தெந்தப் படி தண்ணீருடையது என்று எனக்குத் தெரியும் அல்லவா. ஆனால் முழுக்கத் தெரியாது. மங்கலாக வந்தவை எத்தனை, பயறின் படியோடு ஒட்டிக்கொண்டு மறைந்தவை எத்தனை, யாருக்குத் தெரியும். ஆய்வேட்டில் செய்முறை என்று ஒரு பகுதி உண்டு. 'ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீர் வைத்துச் சரிபார்க்கப்பட்டது' என்று அதில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அதை எழுதிப் பார்த்தேன், மனசுக்குள். எழுதவே வரவில்லை. பெரிய நேர்மை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அந்த வாக்கியத்தைத் தாண்டி அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

அத்தானிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றார். நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும்; அந்த வேலையில் உட்கார இடமில்லை. வந்ததும் ஒரு வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படியே கேட்டார். படமும் படியும் அவருக்குப் புரியவில்லை. ஒன்றரை வருட வேலை போயிற்று என்பது புரிந்தது.

"எல்லாத்தையும் மறுபடியுமா?"

"எல்லாத்தையும்."

"நான் ஒரு நாளைக்கு எத்தன சேலய விரிக்கேன், எத்தன சேலய மடக்குகேன்னு தெரியுமா? ஒண்ணும் எடுக்காம எந்திரிச்சுப் போயிருவாவ." காலை வாளிக்குள் மாற்றி வைத்துக்கொண்டார். "செய்யணும்னா செய்யி. எங்கிட்ட மட்டும் கேக்காத. கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன். எனக்கு உன் மூஞ்சியப் பாக்க ஒக்கல."

முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றது அனுமதியா மறுப்பா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் மகளைக் குளிப்பாட்ட அவர் எழுந்தார். அதற்குப் பிறகு எல்லா நாளும் அவர்தான் எழுந்தார்.

இரண்டு குப்பியையும் கவிழ்த்துக் கொட்டினேன். பழைய இலைச்சாறு ஒன்றையும் நம்ப முடியாது. எல்லாம் புதிதாக முளைக்கவைக்க வேண்டும். விதை டப்பாக்களைத் திறந்தால் பதினொன்றில் வண்டு விழுந்திருந்தது. பயறெல்லாம் துளை, அடியில் மாவு. பத்து வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். சில வீடுகளில் என்னை ஞாபகம் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் விதை கொடுத்துவிட்டு, முன்பு வாங்கிக்கொண்டு போனதை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். கெட்டுப்போயிற்று என்றேன். வெட்கமாக இருந்தது. ஆய்வுக்கூட அலமாரியில் கெட்டுப்போனது, அவர்கள் வீட்டில் சாம்பல் போட்டு வைத்ததில் கெடாமல் இருந்தது.

கடைசி இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வாங்கியவை. பூவாறுக்கும் பாறசாலைக்கும் நடுவே ஒரு ஊர். அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். வாரத்தில் ஆறு நாள் பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வருவாள். ஏழாம் நாள் குத்தகைக்கு எடுத்த வயலைப் பார்ப்பாள். நெல் அறுத்த வயலில் அவள் பயறு போடுவது வழக்கம். முதல் தடவை இரண்டு வகை கொடுத்தாள். ஒன்றை முந்தினது என்றும் மற்றதைப் பிந்தினது என்றும் சொன்னாள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, பழுப்பு நிறம், கருப்பு மூக்கு.

நான் போனபோது துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு எழுந்து வந்தாள்.

"வாருங்கோ டீச்சரே. எனக்கு ஓர்ம உண்டு. பயறுக்கு வந்தவியதானே?"

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய் ஒரு தகர டின்னோடு வந்தாள்.

"இதுதான் இருக்கு. ரெண்டும் இதுக்குள்ளதான்."

"ரெண்டுமா? தனித்தனியா இல்லியா?"

"தனித்தனியா வைக்க எனக்கு எங்க நேரம்? போன தடவ வாரி ஒண்ணாப் போட்டாச்சு. கறிக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

நான் டின்னுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. பயறுக்காக இல்லை. அன்று காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை; ஞாயிற்றுக்கிழமையும் மகளை விட்டுவிட்டு வந்திருந்தேன். அவள் பதறிப் போய்விட்டாள்.

"அய்யோ, கரையாதியோ. இதுக்கா கரையுதிய? நான் பிரிச்சுத் தாறேன்."

இருவரும் ஒரு முறத்தில் கொட்டிப் பிரித்துப் பார்த்தோம். கால் மணி நேரத்தில் அவளே கையை எடுத்துவிட்டாள்.

"ஒக்கல டீச்சரே. விதயப் பாத்தா எனக்கும் தெரியாது. நட்டாத்தான் தெரியும். ஒண்ணு நாப்பது நாளுல பூத்துரும். மத்தது அறுவது ஆனாலும் கொடிய வீசிட்டுக் கிடக்கும். தண்ணி குறஞ்ச வருஷம் முந்தினதுதான் நம்மளக் காக்கும்."

பிறகு அவள் வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டேன். சைவ வீட்டுப் பெண்ணான நான் மீன் சாப்பிட்டதைக் கரமனையில் யாரிடமும் சொல்லவில்லை. கலந்த பயறில் ஒரு படி கட்டிக் கொடுத்தாள்.

ஆய்வுக்கூடத்து மொட்டைமாடியில் அறுபது தொட்டிகளில் அதை நட்டேன். தினமும் வாளியில் தண்ணீர் சுமந்து மேலே ஏறினேன். அவள் சொன்னதுபோலவேதான் நடந்தது. நாற்பது நாளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான செடிகள் பூத்தன. அவற்றில் சிவப்பு நூல் கட்டினேன். மற்றவை பூக்கும் எண்ணமே இல்லாமல் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தன. சிவப்பு நூலில் விளைந்த விதையை மட்டும் தனியாகக் காயவைத்து, இந்தத் தடவை சாம்பல் போட்டு எடுத்துவைத்தேன்.

மார்ச்சில் வழிகாட்டி ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் என் பயறைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஏப்ரலில் ஏதோ தாளைத் தேடி என் கோப்பைப் புரட்டியபோது ஒரு கார்பன் நகல் கிடந்தது. அவர் தம் கடைசி வாரத்தில் அந்தக் கருத்தரங்கு நடத்தியவர்களுக்கு எழுதிய கடிதம். 'கடற்கரை, மலை என்று நான் காட்டிய பிரிவு ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த கலப்பால் உண்டானது, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், பொறுப்பு என்னுடையது' என்று நாலு வரி. என் பெயர் அதில் இல்லை. அதற்குப் பதிலெழுதக்கூட யாராவது பொருட்படுத்தினார்களா என்று தெரியாது. நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்து, தோட்டத்தில் இருக்கிறார் என்றார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். வெகுநாள் கூப்பிடவில்லை.

மறுபடி செய்து முடிக்கப் பதினோரு மாதம் ஆயிற்று. இம்முறை ஒவ்வொரு ஜெல்லிலும் வெறும் தண்ணீர் உண்டு. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை ஓட்டினேன். இரண்டு தடவையும் வந்த படியை மட்டுமே எழுதினேன். முப்பது துணுக்குகளில் பதினான்கு அப்படி நம்பும்படி இருந்தன. மீதிப் பதினாறும் ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. கிளைப்படம் எடுத்தபோது கிளையே இல்லை. நாற்பது பயறும் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, சீப்பின் பற்கள்போல நின்றன. பெரும்பயறு தன் பூவுக்குள் தானே சேர்ந்து காய்க்கிற செடி. அதில் வேறுபாடு குறைவாகவே இருக்கும் என்று மற்றவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றே ஒன்று மட்டும் தூரத்தில் தனியாக நின்றது. ஒரு வாரம் கொஞ்சம் உற்சாகமாக இருந்தேன். பிறகு தொட்டியில் அது முழ நீளத்துக்குக் காய்த்தது. பந்தலில் படரவிடுகிற அச்சிங்காப் பயறு. யாரோ ஒரு வீட்டில் விதை மாற்றித் தந்துவிட்டார்கள். அதையும் அப்படியே எழுதினேன்.

முந்தினதும் பிந்தினதும் என் பதினான்கு துணுக்குகளிலும் ஒரே ஏணியைக் காட்டின. ஒரு படிகூட மாறவில்லை. அவற்றை முதலில் ஓட்டிப் பார்த்த நாட்களில் மாடியில் ஒன்று காய்த்து ஓய்ந்திருந்தது. மற்றது அப்போதுதான் பூத்துக்கொண்டிருந்தது. 'இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை' என்று முதலில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, 'இந்தக் குறிகளைக் கொண்டு இவற்றைப் பிரிக்க இயலவில்லை' என்று எழுதினேன். ஆய்வேடு முழுவதிலும் எனக்குத் திருப்தி தந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, முடிவென்று பெரிதாக ஒன்றும் இல்லையே என்றார். ஆமாம் சார் என்றேன். செய்முறைப் பகுதி மட்டும் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன், குப்பிகள் உட்பட. அவர் ஏட்டை மூடினார். பிறகு, தம்முடைய மாணவர்களிடம் இதைக் கேட்கத் தமக்கே பயமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். பட்டம் கிடைத்தது. கூடத்தின் பின்வரிசையில் பழைய வழிகாட்டி உட்கார்ந்திருந்ததை வெளியே வரும்போதுதான் பார்த்தேன். வெளுத்த வேட்டி கட்டியிருந்தார், ஆள் மெலிந்திருந்தார். "நன்னாயி" என்று மட்டும் சொன்னார். நான் காபி சாப்பிடக் கூப்பிட்டேன். பஸ் போய்விடும் என்று நடந்துவிட்டார்.

ஆய்வு வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. நான் பெரிதாகத் தேடவும் இல்லை. ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் டீச்சராகச் சேர்ந்தேன். சேர்வதற்கு ஒரு வாரம் முன்பு, சாம்பலில் வைத்திருந்த முந்தின பயறை எடுத்துக்கொண்டு பாறசாலைக்குப் போனேன்.

அவள் வீட்டில் இருந்தாள். மேலிருந்து செங்கல் விழுந்து கால் விரல் நசுங்கி, கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தைக் கொடுத்து, இது முந்தினது மட்டும், பிரித்து எடுத்துவிட்டேன் என்றேன். அவள் அவிழ்த்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தாள்.

"இத எங்க கொண்டு போடுகதுக்கு?" என்றாள். "வயலு இல்லியே டீச்சரே. மண்ணடிச்சு நிரத்தி பிளாட்டு போட்டாச்சு. நேத்தும் ரெண்டு லாரி வந்தது."

அவள் கை காட்டிய பக்கம் பார்த்தேன். செம்மண் மேடும், வரிசையாக நட்ட கல்லும் தெரிந்தன.

"வேலியோரம் கொஞ்சம் குத்தி வைக்கேன்" என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "மிச்சத்தக் கறி வச்சிருவேன். சும்மா சொல்லப்படாது, நல்ல தெளிஞ்ச பயறு."

"செரி" என்றேன். எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். நொண்டிக்கொண்டே எழுந்து கட்டன்சாயா போட்டுத் தந்தாள். அவள் மகன் பத்தாம் வகுப்பில் தோற்றதைச் சொன்னாள். என் மகளுக்குப் பல் விழுந்ததை நான் சொன்னேன். இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று. அவ்வளவு நேரம் ஒரு வேலையும் இல்லாமல் நான் ஒரு இடத்தில் உட்கார்ந்து வெகு காலம் ஆகியிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. நெய்யாற்றின்கரை தாண்டியது தெரியும். பாலராமபுரத்தில் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. கண்டக்டர் தோள் பக்கத்துக் கம்பியைத் தட்டி, "சேச்சீ, தம்பானூர் எத்தி" என்று எழுப்பினார். கரமனை தாண்டி வந்திருந்தேன். இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸுக்காக நின்றேன். மூன்று பஸ் நிரம்பி வந்தது, ஏறவில்லை. கால்கள் தாமாகவே நடக்க ஆரம்பித்துவிட்டன. வலியசாலை வழியாக மெல்ல நடந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அத்தான் அன்று சீக்கிரம் வந்திருந்தார். வாளியில் வெந்நீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், மகளுக்குச் சோறு பிசையப் போனார்.